கண்ணாடி ஆபீஸ்

சென்னையில் எங்கள் தலைமை அலுவலகம் வானுயரப் புதுக் கட்டடத்துக்குக் குடிபோனது. போகட்டும், நல்லா இருக்கட்டும். அதே மாதிரி இருக்கணும் என்று காரைக்குடிக் கிளையை எதற்குப் போட்டு உடைத்தார்கள்?

மேற்குப் பார்த்த சுவர் முழுக்கக் கண்ணாடி. மூணு மணிக்கு மேல் வெயில் கீபோர்டிலேயே வந்து உட்காருகிறது. திரை போட்டோம், தோற்றம் கெடுகிறதாம், கழற்றச் சொல்லிவிட்டார்கள். ஏசிக்கே மூச்சிரைக்கிறது. இதே ஊரில் கனத்த சுவர், நடுவில் முற்றம், ஆத்தங்குடிக் கல் பதித்த தரை என்று செட்டிநாட்டுக்காரர்கள் கட்டிய வீடுகளில் சித்திரையிலும் வெறுங்காலோடு நடக்கலாம். உயரமாகக் கட்டத் தெரியாத ஆட்களா இவர்கள்? 1959இல் திறந்த சென்னை எல்.ஐ.சி. கட்டடம் 14 மாடி. அதைக் கட்டத் தொடங்கியவரே செட்டிநாட்டுத் தொழிலதிபர் எம்.சிடி.எம். சிதம்பரம் செட்டியார்தான்.

அப்புறம் இந்த ‘யாரும் எங்கேயும் உட்காரலாம்’ ஏற்பாடு. மேசை இழுப்பறை போச்சு. கணக்குப் பிரிவு அண்ணன் ஸ்டாம்ப் பேடையும் மூக்குக் கண்ணாடியையும் மஞ்சப்பையில் போட்டுக்கொண்டு, தினமும் இடம் தேடி அலைகிறார். தடுப்பு ஒன்றுகூட இல்லாததால், ஒருத்தர் போன் பேசினால் மொத்த ஆபீஸும் கேட்டாக வேண்டும்.

நகைக் கடனுக்கு வந்த ஆச்சி, “தம்பி, மறைவாப் பேச இடமில்லையா?” என்றார். இருக்கிறது ஆச்சி, ஒரே ஒரு கண்ணாடி அறை. அதற்கும் ஆப்பில் முன்பதிவு செய்யணும்.