கேட் போட்டாச்சு சார்

2025 ஜனவரி. புதுச்சேரியில் ஹெல்மெட் மறுபடியும் கட்டாயமாகிச் சில நாட்கள்தான் ஆகியிருந்தன. அரியாங்குப்பத்தில் டெம்போ ஏறினேன். ஓட்டுநர் ஏழுமலை. அவருக்குப் பக்கத்தில், ஒன்றரை ஆள் உட்காரும் இடத்தில், மஞ்சள் பையை மடியில் வைத்துக்கொண்டு ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார் கோதண்டம். சாலைப் பாதுகாப்பு மாதத்துக்காக டவுனில் ஒரு பள்ளியில் பேச அழைத்திருக்கிறார்கள். ஏழுமலை அவரிடம் ஒன்பதாம் வகுப்பு படித்தவர், இரண்டு தடவை. பின் சீட்டில் எனக்குக் காதைத் தீட்டிக்கொள்வதைத் தவிர வேறு வேலை இல்லை.

வாத்தியார்: ஏழுமலை, மணி ஒன்பது இருபது. பத்து மணிக்கு நான் மேடையில் இருக்க வேண்டும்.

ஏழுமலை: இருப்பீர்கள் சார். எந்தப் பத்து மணி என்று மட்டும் கேட்காதீர்கள்.

வாத்தியார்: ஆள் சேரட்டும் என்று இருபது நிமிஷம் நிறுத்தி வைத்தது நீதானே?

ஏழுமலை: டெம்போ நேரம் பார்த்துக் கிளம்பாது சார், ஆளைப் பார்த்துத்தான் கிளம்பும்.

வாத்தியார்: சரி, போகிற வழியில் ஒத்திகை பார்த்துவிடுகிறேன். (பையிலிருந்து தாளை எடுக்கிறார்) "அன்பு மாணவர்களே! 2022-ல் மட்டும் நம் நாட்டில் சாலை விபத்துகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர்." ஒரு நாளைக்கு எத்தனை பேர்? வகுத்துச் சொல்.

ஏழுமலை: சார், ஓட்டும்போது கணக்குப் போட்டால் அந்த எண்ணிக்கையில் நானும் சேர்ந்துவிடுவேன்.

வாத்தியார்: சுமார் 462. அதில் நூற்றுக்கு 44 பேருக்கு மேல் டூவீலரில் போனவர்கள். அதனால்தான் ஹெல்மெட் போடச் சொல்கிறார்கள். போடாவிட்டால் 1,000 ரூபாய் அபராதம், மூன்று மாதம் லைசென்ஸ் முடக்கம்.

ஏழுமலை: 2019-லேயே ஹெல்மெட் போட்ட ஊர் சார் இது.

வாத்தியார்: அப்போது எங்கே போட்டார்கள்? கட்டாயப்படுத்தாதே என்று போராட்டம் அல்லவா நடந்தது?

ஏழுமலை: தரையில் போட்டார்கள் சார். போட்டு உடைத்தார்கள். உடைப்பதற்காகவாவது ஒன்று வாங்கினார்களே! இப்போது என் தம்பியும் வாங்கியிருக்கிறான். பெட்ரோல் டேங்க் மேல் வைத்து ஓட்டுகிறான். டேங்குக்கு இதுவரை ஒரு கீறல் இல்லை.

(முருங்கப்பாக்கத்தில் வண்டி சட்டென்று நிற்கிறது. பின்னால் ஏழெட்டு ஹாரன்.)

வாத்தியார்: டேய், நடுரோட்டில் ஏன் நிறுத்துகிறாய்?

ஏழுமலை: அந்த ஆயா கை காட்டியது சார்.

வாத்தியார்: ஓரம் கட்டி ஏற்றக் கூடாதா?

ஏழுமலை: ஓரத்தில் ஒரு கார் நிற்கிறது. கார்க்காரர் எங்கே? டீக்கடையில். டீக்கடை எங்கே? பிளாட்பாரத்தில். பிளாட்பாரத்தில் நடக்க வேண்டிய ஆயா எங்கே? ரோட்டில். ரோட்டில் நிற்கிற ஆயாவை நான் எங்கே நிறுத்தி ஏற்றுவது, நீங்களே சொல்லுங்கள்.

வாத்தியார்: பரீட்சையில் இப்படி ஸ்டெப் ஸ்டெப்பாக எழுதியிருந்தால் முதல் தடவையே பாஸ் ஆகியிருப்பாய்.

(ஆயா ஏறி என் காலை மிதித்துவிட்டு உட்கார்ந்தார். வண்டி ஒரு தனியார் பஸ்ஸின் வாலைப் பிடித்துக்கொண்டு பறக்கிறது.)

வாத்தியார்: ஒட்டிப் போகாதே ஏழுமலை! 60 கிலோமீட்டர் வேகத்தில் போனால், கண் பார்த்துக் கால் பிரேக்குக்குப் போகிற ஒரு நொடியில் வண்டி 17 மீட்டர் ஓடிவிடும். அவ்வளவு இடைவெளியாவது வேண்டும்.

ஏழுமலை: விடலாம் சார். விட்டால் அந்த 17 மீட்டரில் நாலு பைக், ஒரு ஆட்டோ, ஒரு இளநீர் வண்டி வந்து உட்காரும். அப்புறம் அவர்களுக்குப் பின்னால் ஒரு 17 மீட்டர். அதிலும் வந்து உட்காருவார்கள். விட்டுக்கொண்டே போனால் சாயங்காலத்துக்குள் நான் ரிவர்ஸிலேயே கடலூர் போய்ச் சேர்ந்துவிடுவேன்.

(மரப்பாலம் வருவதற்கு முன்பே எல்லாம் நின்றுவிட்டது.)

வாத்தியார்: முன்னால் என்ன, விபத்தா?

ஏழுமலை: ஒன்றும் இருக்காது சார். சும்மா நிற்கிறது.

வாத்தியார்: சும்மா எப்படி நிற்கும் என்று கேட்பாய் என்று நினைத்தேன். கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். ஜப்பானில் ஒரு பரிசோதனை, 2008-ல் வெளியிட்டார்கள். 230 மீட்டர் வட்டப் பாதை. 22 கார். எல்லோரும் 30 கிலோமீட்டர் வேகத்தில் சுற்ற வேண்டும், அவ்வளவுதான்.

ஏழுமலை: சிக்னல்?

வாத்தியார்: இல்லை.

ஏழுமலை: மாடு? கல்யாண ஊர்வலம்? கட்சிக்காரர் பேனர்?

வாத்தியார்: எதுவும் இல்லை. இருந்தும் கொஞ்ச நேரத்தில் ஜாம் ஆகிவிட்டது. ஒருவர் லேசாக வேகம் குறைக்கிறார், பின்னால் வருபவர் இன்னும் கொஞ்சம் அதிகமாகக் குறைக்கிறார், அவருக்கும் பின்னால் இருப்பவர் நின்றே போகிறார். அந்த ஜாம் அலை மாதிரி பின்னோக்கி நகர்கிறது.

ஏழுமலை: இதற்கு ஜப்பான் எதற்கு சார்? நான் முருங்கப்பாக்கத்தில் ஆயாவை ஏற்றினேன். இந்நேரம் அரியாங்குப்பம் பாலத்தில் ஒருவர் எட்டிப் பார்த்து, "முன்னால் என்ன, விபத்தா?" என்று கேட்டுக்கொண்டிருப்பார்.

(வாத்தியார் சற்று நேரம் பேசவில்லை. தாளில் எதையோ அடித்துத் திருத்தினார். ஆயாவைச் சேர்த்தாரோ என்னவோ. சிக்னலுக்குப் பக்கத்தில் வந்துவிட்டோம். இன்னும் ஐந்து நொடி என்று காட்டுகிறது. பின்னால் ஹாரன் கச்சேரி களைகட்டிவிட்டது.)

வாத்தியார்: சிவப்பு எரியும்போது ஹாரன் அடித்தால் பச்சை ஆகிவிடுமா? 1868-ல் லண்டனில் முதல் சிக்னல் வைத்தார்கள். கேஸ் விளக்கு. ஒரு மாதம்கூட ஆகவில்லை, வெடித்துவிட்டது.

ஏழுமலை: பின்னால் ஹாரன் அடித்திருப்பார்கள் சார்.

வாத்தியார்: எல்லாவற்றுக்கும் ஒரே வழி மேம்பாலம்தான். இந்திரா சிலைக்கும் ராஜீவ் சிலைக்கும் நடுவில் ஒன்று போட்டுவிட்டால் பார்.

ஏழுமலை: மேலே ஏறுகிறவர் எங்கேயாவது இறங்கித்தானே ஆக வேண்டும்? இறங்குகிற இடத்தில் நான் ஆள் ஏற்றிக்கொண்டு நிற்பேன்.

(அதே வருஷம் அக்டோபரில் அந்தப் பாலத்துக்கு அடிக்கல் நாட்டிவிட்டார்கள். கிட்டத்தட்ட 4 கிலோமீட்டர், 436 கோடி ரூபாய். ஏழுமலை எந்த முனையில் நிற்பது என்று இந்நேரம் முடிவு செய்திருப்பார்.)

(முதலியார்பேட்டை தாண்டி, ஏ.எஃப்.டி. பஞ்சாலைப் பக்கத்து ரயில்வே கேட். மணி ஒன்பது ஐம்பது.)

ஏழுமலை: கேட் போட்டாச்சு சார்.

வாத்தியார்: மில்லை மூடியே பல வருஷம் ஆகிறது. இந்தக் கேட்டை மட்டும் விடாமல் மூடித் திறக்கிறார்கள்!

ஏழுமலை: விழுப்புரம் ரயில் வரவேண்டுமே சார்.

வாத்தியார்: 1879-ல் போட்ட பாதை. அன்றைக்கு எத்தனை மாட்டுவண்டி நின்றிருக்கும்? இன்றைக்குப் பார்.

ஏழுமலை: மாட்டுவண்டிக்காரர் ஒன்றன் பின் ஒன்றாக நின்றிருப்பார் சார், மாட்டுக்கு அந்தப் புத்தி உண்டு. இங்கே பாருங்கள், நம் பக்கம் இடது பாதி நிறைந்தது, இப்போது வலது பாதியும் நிறைகிறது. கேட்டுக்கு அந்தப் பக்கமும் இதே கதை. திறந்தால் கபடிதான். நடுக்கோட்டில் இந்த அணியும் அந்த அணியும் முகத்துக்கு முகம் நிற்கும். யார் ரெய்டு, யார் பிடிப்பது என்று முடிவாவதற்குள் அடுத்த ரயில் வந்துவிடும்.

வாத்தியார்: (கடிகாரத்தைப் பார்க்கிறார். வெளியே எட்டிப் பார்க்கிறார்.) ஏழுமலை...

ஏழுமலை: சார்?

வாத்தியார்: வலது பக்கம் இன்னும் கொஞ்சம் இடம் இருக்கிறது போலிருக்கிறதே.

ஏழுமலை: இருக்கிறது சார்.

வாத்தியார்: லேசாக ஒடித்து முன்னால் போய்விட்டால்...

ஏழுமலை: சார், இது உங்கள் பேச்சில் எத்தனையாவது பக்கத்தில் வருகிறது?

(வாத்தியார் விருட்டென்று இறங்கிவிட்டார்.)

வாத்தியார்: நடந்தே போய்விடுவேன். உன் டெம்போவைவிட என் கால் வேகம்.

ஏழுமலை: கேட்டுக்குக் கீழே குனிந்து போகாதீர்கள் சார்! ரயிலுக்கு நீங்கள் வாத்தியார் என்று தெரியாது!

(போகவில்லை. முதல் ஆளாகக் கேட்டோரம் நின்றார். ரயில் போனது, கேட் திறந்தது, ஏழுமலை சொன்ன கபடி நடந்தது. இருட்டுவதற்குள் முடிந்தால் சரி என்று நான் வேண்டிக்கொண்டேன். ஒருவழியாகத் தண்டவாளத்தைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போனதும், முன்னால் வேகவேகமாக நடக்கிற ஒரு வெள்ளைச் சட்டை.)

ஏழுமலை: (ஹாரன் அடித்து) சார், ரோட்டில் நடக்காதீர்கள். பிளாட்பாரத்தில் ஏறுங்கள்.

வாத்தியார்: பிளாட்பாரத்தில் டயர் கடைக்காரர் டயர் அடுக்கியிருக்கிறார்டா!

ஏழுமலை: அதைத்தானே சார் முருங்கப்பாக்கத்திலிருந்து சொல்லிக்கொண்டு வருகிறேன். சரி, டிக்கெட் காசு?

வாத்தியார்: பாதிக் காசுதான் தருவேன். மீதித் தூரம் நான் நடந்து வந்தேன்.

ஏழுமலை: நீங்கள் நடந்தீர்கள் சார். உங்கள் மஞ்சள் பை டவுன் வரைக்கும் முன் சீட்டில் உட்கார்ந்து வருகிறதே.

வாத்தியார்: ஐயோ, என் பேச்சு அதில்தானே இருக்கிறது! நிறுத்துடா! நிறுத்து!

ஏழுமலை: நடுரோட்டிலா சார்?