ஙாட்டு நெய்த துணி அல்ல, மரவுரி

பசிபிக் தீவு நாடான டோங்காவின் பட்டைத் துணியான தாப்பா பற்றி மேலே ஒருவர், "டோங்காவில் விற்கும் தாப்பா பருத்தி நூலில் நெய்து அச்சுக் குத்தியது, வாங்கிவந்து துவைத்து உடுத்தலாம்" என்று எழுதியிருக்கிறார். தயவுசெய்து அதை நம்பி வாங்காதீர்கள், தண்ணீரில் ஊறவைத்தால் பாழாகிவிடும்.

டோங்காவில் இதன் பெயர் ஙாட்டு. தறியும் இல்லை, பாவும் ஊடும் இல்லை. நம் பழைய சொல்லில் சொன்னால் மரவுரி. காகித மல்பெரிச் செடியின் பட்டையை உரித்து, மேல்தோலைச் சுரண்டிவிட்டு, வெள்ளையான உட்பட்டையை ஊறவைக்கிறார்கள். பிறகு மரக்கட்டை மேல் வைத்து, வரிப்பள்ளம் வெட்டிய 'இக்கே' என்ற கொட்டாப்புளியால் தட்டித் தட்டி விரிப்பார்கள். கையகலப் பட்டை தட்டத் தட்டப் பல மடங்கு அகலமாகும். இரண்டு அடுக்காகக் கிழங்கு மாவுப் பசையால் ஒட்டிப் பெரிய விரிப்பாக்குவது பெண்கள் கூடிச் செய்யும் வேலை.

அச்சும் நாம் நினைப்பது போலக் குத்துவது இல்லை. 'குப்பேசி' என்ற கோலப் பலகையை அடியில் வைத்து, மேலே கோக்கா மரப்பட்டைச் சாயத்தைத் தேய்த்தால் கோலம் எழும்பிவரும். பின்னர் கோடுகளைக் கையால் கருமையாக்குவார்கள்.

கல்யாணத்திலும் சாவிலும் சீராகக் கொடுக்கப்படும் பொருள் இது. சமோவாவில் சியாப்போ, ஹவாயில் காப்பா என்பார்கள்.

வாங்கும்போது வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். குறுக்கும் நெடுக்குமாக நூல் தெரிந்தால் அது ஙாட்டு இல்லை. உண்மையானதில் நார்தான் தெரியும்.