18 வயதில் பாப் ஸ்மியர் எதற்கு?

நேற்றிலிருந்து அந்தப் போஸ்டர் விவகாரம்தான். 18 வயதான பெண்கள் எல்லோரும் உடனே பாப் ஸ்மியர் (கருப்பை வாயிலிருந்து செல்களை எடுத்து, புற்றுநோயாக மாறக்கூடிய மாற்றம் இருக்கிறதா என்று பார்க்கும் சோதனை) எடுக்க வேண்டும் என்று போட்டிருந்தார்கள். அவ்வளவு சீக்கிரம் தேவையில்லை என்று எழுதினேன். "பெண்கள் சாகட்டும் என்கிறீர்களா?" என்பதில் தொடங்கி "யாரிடம் காசு வாங்கினீர்கள்?" வரை வந்துவிட்டார்கள். காசுதான் குறி என்றால், இன்னும் நிறையப் பரிசோதனை செய்யுங்கள் என்றல்லவா எழுதியிருப்பேன்?

சரி, மறுபடியும் சொல்கிறேன். சீக்கிரம் தொடங்கினால் பாதுகாப்பு கூடிவிடாது.

கருப்பை வாய்ப் புற்றுநோய் ஏறக்குறைய எல்லாமே, உடலுறவு வழியாகத் தொற்றும் ஹெச்பிவி என்ற வைரஸால் வருவது. இளம் வயதில் இந்தத் தொற்று வெகு சாதாரணம். பெரும்பாலும் ஓரிரு வருடத்தில் உடம்பே விரட்டிவிடும். விரட்ட முடியாமல் தங்கிப்போனால்தான் ஆபத்து, அதுவும் புற்றுநோயாக மாறப் பொதுவாக 15, 20 வருடம் ஆகும். 18 வயதில் போய்ப் பார்த்தால், தானாகச் சரியாகப்போகிற மாற்றங்களும் ரிப்போர்ட்டில் வந்து நிற்கும். அப்புறம் பயம், பயாப்சி (துளி சதை எடுத்துச் சோதிப்பது), சிலருக்குக் கருப்பை வாயில் கொஞ்சம் வெட்டி எடுப்பது. அப்படி வெட்டியவர்களுக்குப் பின்னாளில் குறைப்பிரசவ வாய்ப்பு கூடுகிறது. தேவையில்லாத பெண்ணுக்கு இதை ஏன் செய்ய வேண்டும்?

இது என் சொந்தக் கண்டுபிடிப்பு இல்லை. சோதனையைத் தொடங்கும் வயதை ஆஸ்திரேலியா 2017-ல் 18-லிருந்து 25-க்கு உயர்த்தியது. அமெரிக்கப் புற்றுநோய்ச் சங்கம் 2020-ல் 25 என்றது. பொதுவாக 30 வயதிலிருந்து, ஹெச்ஐவி உள்ளவர்களுக்கு 25-லிருந்து என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. இவர்கள் எல்லோருமே பெண்களின் எதிரிகளா?

"என் தோழிக்கு 24 வயதில் வந்ததே" என்று ஒருவர் எழுதியிருந்தார். படித்து மனது கனத்துப்போனது. இளம் வயதில் வரவே வராது என்று நான் சொல்லவில்லை. 2009-ல் இங்கிலாந்தில் தொலைக்காட்சிப் பிரபலம் ஜேட் கூடி 27 வயதில் இந்த நோயில் இறந்தபோது, வயதைக் குறைக்கச் சொல்லிப் பெரிய குரல் எழுந்தது. நிபுணர் குழு அலசிப் பார்த்துவிட்டு 25 என்பதையே தொடரச் சொன்னது. 20-24 வயதில் எடுத்த ஸ்மியர், 30 வயதுக்குள் வரும் புற்றுநோயைப் பெரிதாகக் குறைக்கவில்லை என்று அங்கே நடந்த ஆய்விலும் தெரிந்தது. ஆனால் உறவுக்குப் பின் ரத்தம், இடையிடையே ரத்தம், நாற்றத்துடன் வெள்ளைப்படுதல் இருந்தால் எந்த வயதானாலும் டாக்டரிடம் போக வேண்டும். அது அறிகுறிக்கான சோதனை. நாம் பேசுவது எந்தத் தொந்தரவும் இல்லாதவர்களைப் பற்றி.

ஹெச்பிவி தடுப்பூசி போட்டாயிற்றே என்பவர்களுக்கு: போட்டாலும் உரிய வயதில் சோதனை வேண்டும்.

எனக்கு வலிப்பது வேறு. என் பெரியம்மாவுக்கு மாதவிடாய் நின்று சில வருடம் கழித்து மறுபடி ரத்தம் பட்டது. யாரிடமும் சொல்லவில்லை. அலமாரியில் புடவைகளுக்கு அடியில் நாப்கின் பாக்கெட்டைப் பார்த்து அக்காதான் கேட்டாள். "வயசானா இப்படித்தான்டி" என்றார். மருத்துவமனைக்குப் போனபோது நோய் முற்றியிருந்தது. இதற்கு முன் சோதனை செய்ததுண்டா என்று டாக்டர் கேட்டபோது, அப்படி ஒன்று இருப்பதே அவருக்குத் தெரியவில்லை. மூன்று பிள்ளை பெற்றவர், எத்தனையோ தடவை மருத்துவமனை ஏறி இறங்கியவர். ஒருவர்கூடச் சொல்லவில்லை.

30 தாண்டி, 40 தாண்டி, ஒருமுறைகூடச் சோதிக்காத பெண்கள் வீட்டுக்கு வீடு இருக்கிறார்கள். 35 வயதுக்குள் ஒன்று, 45-க்குள் இன்னொன்று, தரமான சோதனை இரண்டு கிடைத்தாலே எவ்வளவோ உயிர் தப்பும். அந்த வைரஸ் இருக்கிறதா என்று பார்க்கும் ஹெச்பிவி சோதனைக்கு மாதிரியைத் தானே எடுத்துக்கொள்ளும் வசதிகூட வந்துவிட்டது. கூச்சப்பட்டே போகாதவர்களுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம்! இதைப் பகிர ஆளில்லை, என்னைத் திட்ட மட்டும் இத்தனை பேர்.

திட்டுகிறவர்கள் திட்டுங்கள், கமெண்டை மூடப்போவதில்லை. 30 தாண்டியவர்கள், வலிக்குமா, எப்படி எடுப்பார்கள் என்று கேட்கத் தயங்கினால் இன்பாக்ஸுக்கு வாருங்கள். தெரிந்ததைச் சொல்கிறேன்.