ஆண்டுவிழாவுக்குமா விலை?

நாம் ஆடும் ஆன்லைன் கேமின் ஆண்டுவிழாவுக்காக நேற்று வந்த வேலைப் பட்டியலை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். எல்லாவற்றையும் முடித்தால் பெயரோடு மாட்டிக்கொள்ள ஒரு டைட்டில், ஆனால் அதற்குக் கடைசி எக்ஸ்பான்ஷனை (கேமோடு சேர்க்கத் தனியாக விற்கும் கூடுதல் பகுதி) வாங்கியிருக்க வேண்டும். அதை வைத்து நம் குரூப்பில் நடந்த சண்டையையும் பார்த்திருப்பீர்கள். நான் பாதியில் பேச்சை விட்டது பதில் இல்லாததால் அல்ல. ஆளுக்கொரு சிரிப்பு ஸ்டிக்கர் போட்டுக்கொண்டிருக்கும் இடத்தில் பத்தி பத்தியாக எழுத முடியாது. அதனால் இங்கே எழுதுகிறேன். படிக்கிறவர்கள் படியுங்கள்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், எப்படியும் இதைத்தான் திரிக்கப் போகிறீர்கள். எக்ஸ்பான்ஷனுக்குக் காசு கேட்பது தப்பு என்று நான் சொல்லவில்லை. புது மேப், புதுக் கதை, புது ரெய்டு (பலர் கூட்டமாகச் சேர்ந்து மோதும் சண்டை) என்று ஒரு கூட்டமே உட்கார்ந்து வருஷக்கணக்கில் செய்கிறது. விலை வைக்கட்டும், வேண்டியவர்கள் வாங்கட்டும். ஆனால் ஆண்டுவிழா அந்த எக்ஸ்பான்ஷனின் சரக்கு இல்லை. கேம் தொடங்கிய நாளுக்கு எடுக்கிற விழா அது. அந்த நாளில் இந்த எக்ஸ்பான்ஷன் யார் மனதிலும் யோசனையாகக்கூட இருந்திருக்காது.

பட்டியலை மறுபடி திறந்து பாருங்கள். மேலே இருப்பதெல்லாம் பழசு. முதல் நகரத்துக்குப் போ, முதல் ரெய்டின் பெரிய எதிரியான பாஸை அடி, அந்த மலை உச்சியில் ஏறி நின்று பட்டாசு விடு. படிக்கப் படிக்க எனக்கு உண்மையிலேயே நெஞ்சு நிறைந்தது. அப்புறம் கீழே வந்தால், கடைசி மூன்று வேலைகளும் கடைசி எக்ஸ்பான்ஷனின் புது மேப்பில். அந்த மூன்றையும் முடித்தால்தான் டைட்டில். விழா முடிந்தால் அந்த டைட்டிலை எடுக்கும் வாய்ப்பும் போச்சு. பழைய மாணவர்களை ஒன்றுகூடலுக்கு அழைத்துவிட்டு, புதுக் கட்டடத்துக்கு நன்கொடை கொடுத்தவர்கள் மட்டும் குரூப் போட்டோவுக்கு வாருங்கள் என்று சொன்னால் எப்படி இருக்கும்? அப்படித்தான் இருந்தது.

"இதெல்லாம் எல்லா கேமிலும் நடப்பதுதானே" என்று ஒருவர் எழுதியிருந்தார். நடந்திருக்கிறது, மறுக்கவில்லை. வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் 2004 நவம்பரில் வந்தது. 2014-இல் பத்தாவது ஆண்டுவிழா வைத்தார்கள். லாகின் செய்தவர்களுக்கெல்லாம் ஒரு குட்டி நாய் கிடைத்தது. ஆனால் விழாவின் பெரிய பரிசான மவுண்ட் (கேமுக்குள் ஏறிச் செல்லும் விலங்கு) வேண்டுமென்றால் மோல்டன் கோர் ரெய்டை லெவல் 100-இல் முடிக்க வேண்டும். அதற்குச் சில நாட்கள் முன்புதான் வார்லார்ட்ஸ் ஆஃப் டிரேனோர் எக்ஸ்பான்ஷன் வந்திருந்தது. அதை வாங்காதவர்களுக்கு லெவல் 90-க்கு மேல் போகவே வழியில்லை. இன்னொன்றும் சொல்கிறேன். அந்த எக்ஸ்பான்ஷனை வாங்கினால் ஒரு கேரக்டரை நேராக லெவல் 90-க்கு ஏற்றிவிடும் பூஸ்ட் ஒன்று கூடவே வந்தது. மோல்டன் கோர் என்பது 2004-இல் நாற்பது பேர் சேர்ந்து மோதிய ரெய்டு. அதன் நினைவாக வைத்த பரிசைப் புதிதாக வந்து வாங்கியவர் எடுக்கலாம். முதல் நாளிலிருந்து இருந்து, அந்த ஒரு எக்ஸ்பான்ஷனை மட்டும் விட்டவர் எடுக்க முடியாது. பெரிய கம்பெனி செய்தது என்பதால் அது நியாயமாகிவிடுமா?

அதே காலத்தில் வேறு மாதிரி செய்தவர்களும் இருக்கிறார்கள். ஃபைனல் ஃபேன்டசி 14 ஒவ்வொரு ஆகஸ்டிலும் ஆண்டுவிழா நடத்துகிறது. சின்ன லெவல் இருந்தாலே உள்ளே போகலாம், கடைசி எக்ஸ்பான்ஷன் வேண்டியதில்லை. அதனால் அவர்கள் எக்ஸ்பான்ஷன் விற்காமல் போய்விட்டதா என்ன?

இப்போது வழக்கமான கேள்விகளுக்கு வருகிறேன்.

"சர்வர் சும்மா ஓடுமா?" ஓடாது. நான் இலவசமாகக் கேட்கவில்லையே! கேமை முழு விலைக்கு வாங்கினேன். முதல் எக்ஸ்பான்ஷனை முன்பதிவிலேயே வாங்கினேன். அடுத்ததையும் வாங்கினேன். கடைசியை வாங்கவில்லை, காரணம் என் சொந்த விஷயம். இத்தனைக்கும் பிறகு ஓசிப் பட்டம் எனக்கா? சரி, முழுக்க இலவசமாக ஆடுகிறவருக்குத்தான் என்ன குறை? ரெய்டில் ஆள் குறையும்போது ஓடிப் போய் அவரைத்தானே கூப்பிடுகிறோம்? சந்தையில் பொருள் போடுவதும் வாங்குவதும் அவரும்தானே? அவரும் இருப்பதால்தான் ஊர், ஊர் மாதிரித் தெரிகிறது.

"தள்ளுபடி வரும்போது வாங்கிக்கொள்." விழா முடிந்த பிறகு வரும் தள்ளுபடியை வைத்து என்ன செய்வது?

"வெறும் டைட்டில்தானே, இதற்கா இவ்வளவு?" இதுதான் எனக்கு ரொம்பப் பிடித்த கேள்வி. வெறும் டைட்டில் என்றால் எல்லோருக்கும் கொடுத்துவிட வேண்டியதுதானே? உங்களுக்கு மதிப்பில்லாத ஒன்றை அடுத்தவருக்கு ஏன் பூட்டி வைக்க வேண்டும்? மதிப்பு இல்லாமலா நேற்று ராத்திரியே அதை மாட்டிக்கொண்டு நகரச் சதுக்கத்தில் வரிசையாக நின்று ஸ்கிரீன்ஷாட் எடுத்தீர்கள்?

கொஞ்சம் யோசிக்க வைத்த கேள்வி ஒன்றே ஒன்று. கேம் இப்போது இருப்பதே கடைசி எக்ஸ்பான்ஷனில்தான், டெவலப்பர்கள் புது மேப்பில்தான் வேலை செய்கிறார்கள், விழாவை வேறு எங்கே வைப்பார்கள் என்று ஒரு நண்பர் பொறுமையாகக் கேட்டார். நியாயமான கேள்வி. புது மேப்பிலும் வைக்கட்டும். அங்கே தனியாக ஒரு அச்சீவ்மென்ட் (முடித்ததற்கான சாதனைக் குறி), தனியாக ஒரு பரிசு என்று வைத்தால் நான் வாயே திறந்திருக்க மாட்டேன். பழைய பட்டியலோடு முடிச்சுப் போட்டதுதான் பிரச்சினை. பழசைக் காட்டி ஆசையைக் கிளப்பிவிட்டு, கடைசிப் படியில் கடையை வைத்திருக்கிறார்கள். இதைத் தெரியாமல் செய்தார்கள் என்று நம்பச் சொல்கிறீர்களா?

முடிச்சைத் தனியாகப் போடத் தெரியாத உலகமும் இல்லை இது. பிளேஸ்டேஷனில் 2008-இல் கோப்பைகள் வந்தன, கேமில் ஒவ்வொரு சாதனைக்கும் ஒன்று. அதில் எல்லாவற்றுக்கும் மேலான பிளாட்டினம் கோப்பையை வாங்க அடிப்படை கேமின் கோப்பைகள் போதும். பின்னால் வருகிற டிஎல்சி (தனியாக இறக்கிக்கொள்ளும் கூடுதல் பகுதி) கோப்பைகள் தனிப் பிரிவாக நிற்கும். டிஎல்சி வாங்காதவரின் மொத்த சதவீதம் குறையலாம், ஆனால் வாங்கிய பிளாட்டினம் எங்கேயும் போகாது. அடிப்படை கேமுக்குக் காசு கொடுத்தவர் அடிப்படை கேமை முடிக்க முடிய வேண்டும். இவ்வளவுதான் விஷயம். இதைத்தான் நேற்றிலிருந்து வேறு வேறு வார்த்தைகளில் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

எங்கள் கில்டில், அதாவது சேர்ந்து ஆடும் எங்கள் குழுவில், ஒரு அக்கா இருக்கிறார், பழைய ஆட்களுக்குத் தெரியும். முதல் நாளிலிருந்து ஹீலர், மற்றவர்களைக் குணப்படுத்துகிறவர். எதிரியின் அடியை முன்னால் நின்று வாங்கும் டேங்க் வேலையை நான் கற்றுக்கொண்டதே அவர் நடத்திய ரெய்டுகளில்தான். நான் தப்பான பக்கம் பாஸைத் திருப்பி மொத்தக் கூட்டத்தையும் சாகடித்த ராத்திரியில், எல்லோரும் வாய்ஸ் சாட்டில் கத்திக்கொண்டிருந்தபோது, "தம்பி, இன்னொரு தரம் போவோம், இந்த முறை நான் சொல்கிறபோது திருப்புங்கள்" என்று மட்டும் சொன்னார். இப்போது அவருக்கு வேலை, குழந்தை, நேரமில்லை. கடைசி எக்ஸ்பான்ஷன் அவருடைய பழைய கணினியில் சரியாக ஓடவும் செய்யாது. ஆனாலும் எப்போதாவது லாகின் செய்து, பழைய நகரத்தில் புதியவர்களுக்கு பஃப் (கொஞ்ச நேரத்துக்குப் பலம் கூட்டும் மந்திரம்) போட்டுவிட்டுப் போவார். இந்த விழா யாருக்காவது என்றால் முதலில் அவருக்குத்தான். நேற்று அவர் பட்டியலைப் பார்த்துவிட்டு, "பரவாயில்லை, பட்டாசு விடுகிறதோடு நிறுத்திக்கொள்கிறேன்" என்று எழுதினார். அதற்குக் கீழே ஒருவர், "ஓசி அக்கவுன்ட்டுகளின் அழுகை ஆரம்பம்" என்று சிரிப்பு பொம்மையோடு போட்டிருந்தார். அப்படிப் போட்டவர் கேமுக்கு வந்தது போன எக்ஸ்பான்ஷனுக்குப் பிறகு. அவருக்குக் கியர் (ஆயுதம், கவசம்) சேர்த்துக் கொடுத்த ரெய்டுகளில் பாதிக்கு ஹீலர் அந்த அக்காதான்.

அந்த ஒரு வரியைப் படித்த பிறகுதான் எனக்குக் கோபம் தலைக்கேறியது, அதை மறைக்கவில்லை. கம்பெனி காசு பார்க்கும், அது அதன் தொழில். நாம் எதற்கு அதற்கு வாட்ச்மேன் வேலை பார்க்கிறோம்? கேட்டில் நின்று "நீ வாங்கினாயா, நீ வாங்கினாயா" என்று கேட்க யார் நமக்குச் சம்பளம் கொடுத்தார்கள்? ஒரு காலத்தில் இதே ஆட்கள் கையில் இருந்த நல்ல ஆயுதத்தைப் புதியவனுக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டுப் போனார்கள். இப்போது டைட்டில் இல்லாதவனை ரெய்டுக்குக் கூப்பிடுவதில்லையாம். நேற்றே ஒரு குரூப் விளம்பரத்தில் அந்த டைட்டிலை நிபந்தனையாகப் போட்டிருந்தார்கள். வெறும் டைட்டில்தானே என்று சொன்னவர்கள் அதற்கு என்ன பதில் சொல்வீர்கள்?

"எழுதி என்ன ஆகப் போகிறது" என்று சொல்பவர்களுக்கும் ஒரு பழைய கதை உண்டு. 2017 டிசம்பரில் டெஸ்டினி 2 என்ற கேமுக்கு கர்ஸ் ஆஃப் ஓசிரிஸ் எக்ஸ்பான்ஷன் வந்தது. அதோடு அடிப்படை கேமில் இருந்த பிரெஸ்டீஜ் ரெய்டுக்கு (ரெய்டின் கடினமான வடிவம்) வேண்டிய பவர், அதாவது கேரக்டரின் பலம், எவ்வளவு என்பதை 330-க்கு உயர்த்திவிட்டார்கள். எக்ஸ்பான்ஷன் வாங்காதவர்களின் உச்சமே 305-தான். ஏற்கனவே காசு கொடுத்து வாங்கிய கேமின் ரெய்டும், அதன் அச்சீவ்மென்ட்டும் ஒரே நாளில் பூட்டப்பட்டன. ஆடுகிறவர்கள் விடவில்லை, எல்லாப் பக்கமும் கேட்டார்கள். சில நாட்களிலேயே கம்பெனி இறங்கி வந்து பூட்டைத் திறந்தது. அன்றைக்கும் "வாங்கிக்கொள்ள வேண்டியதுதானே" என்று சொன்னவர்கள் இருந்திருப்பார்கள். பூட்டு திறந்தது அவர்களால் அல்ல.

அதனால் நான் சப்போர்ட்டுக்கு எழுதிவிட்டேன். கேட்டது ஒன்றுதான்: அந்த மூன்று வேலைகளையும் பிரித்துத் தனி அச்சீவ்மென்ட்டாக வையுங்கள், டைட்டிலைப் பழைய மேப் வேலைகளோடு விடுங்கள். எக்ஸ்பான்ஷன் வைத்திருப்பவர்களுக்கு இதில் ஒன்றும் குறையாது. அவர்களும் எழுதினால் இன்னும் நல்லது, ஆனால் நேற்றைய ஸ்டிக்கர்களைப் பார்த்த பிறகு அந்த நம்பிக்கை பெரிதாக இல்லை.

கமெண்டில் "ரொம்ப ஃபீல் பண்ணாதீங்க பாஸ்" என்று எழுத வருகிறவர்கள் தாராளமாக எழுதுங்கள். கில்டு தலைவருக்கு மட்டும் ஒரு வார்த்தை: இந்த வாரம் பழைய ரெய்டுக்கு ஆள் வேண்டுமென்றால் டேங்க் நான் எடுத்துக்கொள்கிறேன், அக்காவிடமும் கேட்டுவிட்டேன், வருகிறார். புது மேப் விளம்பரங்களில் என்னை டேக் செய்ய வேண்டாம்.