'வெஸ்ஸல்ஸ் நார்மல்' என்று எழுதுகிறவர்களுக்கு

எந்த ஸ்கேன் ரிப்போர்ட்டைச் சொல்கிறேன் என்று சேலத்து நண்பர்களுக்குத் தெரியும். சென்டர் பெயர் வேண்டாம். இடது சிறுநீரகத்தைத் தானம் தருகிறவரின் சி.டி. ஸ்கேன், "வெஸ்ஸல்ஸ் நார்மல்", அதாவது ரத்தக்குழாய்கள் எல்லாம் சரி என்று ரிப்போர்ட். ஆபரேஷனில் உள்ளே போனால் அயோர்ட்டாவுக்கு (இதயத்திலிருந்து வரும் பெருந்தமனி) முன்னால் ஒரு ரீனல் வெயின் (சிறுநீரகத்திலிருந்து ரத்தம் திரும்பும் சிரை), பின்னால் இன்னொன்று.

அதைவிட எரிச்சல், வந்த சமாதானம்: "வேரியேஷன் சார், யார் தப்பும் இல்லை."

வேரியேஷன், பிறவியிலேயே வரும் அமைப்பு வித்தியாசம், யார் தப்பும் இல்லைதான். எழுதாமல் விட்டது?

இடது சிறுநீரகத்தை ஏன் எடுக்கிறோம்? வலப்பக்கத்தைவிட அந்த வெயின் நீளம், தைக்க வசதி. எந்தக் குழாய்க்காக அந்தப் பக்கத்தைத் தேர்ந்தெடுத்தோமோ அதையே சரியாகப் பார்க்கவில்லை! பின்கிளை பெரும்பாலும் முன்கிளைக்குக் கீழே, சாய்வாக ஓடும். முன்னால் ஒன்றைப் பார்த்ததும் 'ஆச்சு' என்று நகர்ந்தால் அது தப்பிவிடும். அயோர்ட்டா ஆபரேஷனில் கிளாம்ப் போடப் பின்னால் விரலை விடும்போது அதுதான் கிழியும். ரத்தம் வருகிற இடம் கண்ணுக்கே தெரியாது.

"லட்சத்தில் ஒருத்தருக்கு வருவதற்கு இவ்வளவு சத்தமா?" லட்சமாவது! அயோர்ட்டாவுக்குப் பின்னால் போகும் ரீனல் வெயின் 100 பேரில் 2, 3 பேருக்கு உண்டு. கீழுடம்பு ரத்தத்தை இதயத்துக்குக் கொண்டுபோகும் பெரிய சிரைதான் ஐ.வி.சி.; அது ஒன்றுக்குப் பதில் வலம், இடம் என்று இரண்டாக இருப்பதையும் (இரட்டை ஐ.வி.சி.) 100க்கு 3 வரை சொல்கிறார்கள். கான்ட்ராஸ்ட் (குழாய்களைத் தெளிவாகக் காட்டும் மருந்து) இல்லாத படத்தில் அந்த இடதுகுழாய் நெறிகட்டி மாதிரியே தெரியும், பயாப்ஸிக்கு எழுதிவிடுவார்கள். ரத்தக்கட்டியைத் தடுக்கும் ஃபில்டரை வலப்பக்கம் மட்டும் வைத்தால் இடது கால் ரத்தக்கட்டி மற்றக் குழாய் வழியாக நுரையீரலுக்குப் போய்விடும்.

"சாயங்காலத்துக்குள் 40 ஸ்கேன், நேரம் எங்கே?" சரி, கஷ்டம்தான். ஆனால் இடுப்பில் இரண்டு இலியாக் வெயின் (கால்களிலிருந்து ரத்தம் கொண்டுவரும் சிரைகள்) சேருமிடத்திலிருந்து உதரவிதானம் வரை ஐ.வி.சி.யை விடாமல் தொடர்ந்து வாருங்கள். இடது ரீனல் வெயினுக்கு அயோர்ட்டாவின் முன்னும் பின்னும் பாருங்கள். ஒரு நிமிஷம். அதுகூட இல்லையென்றால் 'நார்மல்' என்று டைப் அடிக்க மட்டும் எப்படி நேரம் வந்தது?

"புத்தகத்தைப் படித்துவிட்டுப் பாடம் எடுக்கிறார்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். இருக்கட்டும், நன்றி. புத்தகம் வேண்டாம், ஏற்காட்டைப் பாருங்கள். அடிவாரப் பாதையில் மண் சரிந்தால் வண்டியெல்லாம் குப்பனூர் வழி. ஈரலுக்குப் பின்னால் ஐ.வி.சி. உருவாகாதவருக்கு அசைகஸ் (மார்பில் முதுகெலும்பை ஒட்டி ஓடும் சிரை) தான் அந்தக் குப்பனூர் ரோடு. மார்பு ஆபரேஷனில் அதைத் தெரியாமல் கட்டினால் உடம்பின் கீழ்ப்பாதி ரத்தம் திரும்ப வழியில்லை. உயிரே போகும். அதற்கும் "வேரியேஷன் சார்" என்பீர்களா?

படத்தைத் தாங்களே ஒருமுறை ஓட்டிப் பார்க்காமல் கத்தியை எடுக்கிற சர்ஜன்களுக்கும் இது பொருந்தும். கோபித்துக்கொள்ளுங்கள், பரவாயில்லை.

அந்த ரிப்போர்ட்டுக்குத் திருத்தக் குறிப்பு போட்டாகிவிட்டதா? தெரிந்தவர்கள் கீழே சொல்லுங்கள்.