கருவாட்டுக்கு வழி உண்டு, நெய்க்குக் கிடையாது

(பாபநாசம் பக்கம் ஒரு கிராமம். திண்ணையில் வாய் பிளந்த இரண்டு சூட்கேஸ்கள், ஒரு ஸ்பிரிங் தராசு. முத்துலட்சுமியின் மகள் குடும்பம் அமெரிக்காவிலிருந்து ஜெர்மனிக்கு மாறியிருக்கிறது. மருமகன் அமெரிக்கப் படையில் ஸ்டாஃப் சார்ஜெண்ட். எதிர்வீட்டு வைத்திலிங்கம் நம் ராணுவத்தில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்றது வேலையிலிருந்து மட்டும்தான்.)

வைத்திலிங்கம்: என்னம்மா முத்துலட்சுமி, வீட்டை ஏலம் போடப் போறியா? திண்ணை பூராவும் சாமான்.

முத்துலட்சுமி: வாங்கண்ணே. வெள்ளிக்கிழமை பிளைட்டு. ரெண்டு பெட்டி, பெட்டிக்கு 23 கிலோ. அதுக்குள்ள அடக்கணும்.

வைத்திலிங்கம்: பட்டாளத்து வீட்டுக்குப் போறவ இவ்வளவு சாமானோடயா போறது? எங்களுக்கெல்லாம் மாத்தல்னா ஒரு கறுப்பு டிரங்குப் பெட்டி, ஒரு படுக்கை. பெட்டி மேல வெள்ளைப் பெயிண்ட்டுல நம்பரும் பேரும். தீந்துச்சு.

முத்துலட்சுமி: மாப்பிள்ளைக்கு 11,000 பவுண்டுண்ணே.

வைத்திலிங்கம்: சம்பளமா?

முத்துலட்சுமி: எடைண்ணே. குடும்பத்தோட போற ஸ்டாஃப் சார்ஜெண்ட்டுக்கு அவ்வளவு வீட்டுச் சாமானை அரசாங்கமே கட்டி, ஏத்தி, இறக்கிக் கொடுக்குது. நம்ம கணக்குல அஞ்சு டன்னுக்குப் பத்து கிலோ கம்மி. மேல போச்சுன்னா அந்த அதிகப்படிக்கு அவர் கைக்காசு. கார் ஒண்ணு தனி.

வைத்திலிங்கம்: அஞ்சு டன்னா! எங்க பீரங்கியே அவ்வளவு கனம் இருக்காதே.

முத்துலட்சுமி: கப்பல்ல வர ரெண்டு மூணு மாசம் ஆவுதாம். அதுவரைக்கும் சமாளிக்கத்தான் ஒரு சின்ன லாட்டு முன்னாடி போவுது. எம் மவ பாப்பா அதுல குக்கரும் போர்வையும் போட்டா. கற்பூரத்தை மட்டும் கட்ட வந்தவன் எடுத்து வெளில வச்சுட்டானாம். தீப்பிடிக்குற சாமானை ஏத்த மாட்டாங்களாம். விபூதிக்கு ஒண்ணும் சொல்லலை.

வைத்திலிங்கம்: அது ஏற்கனவே எரிஞ்சது, அதான் விட்டுட்டான். சரி, அஞ்சு டன் போச்சுல்ல, நீ எதுக்கு இந்தக் கிரைண்டரைத் தூக்குற?

முத்துலட்சுமி: அதுலதான் விஷயமே இருக்கு. அமெரிக்காவுல கரண்ட் 120 வோல்ட்டு, 60 ஹெர்ட்ஸ், அதாவது செகண்டுக்கு 60 துடிப்பு. ஜெர்மனியில நம்மளாட்டமே 230 வோல்ட்டு, 50 ஹெர்ட்ஸ். அவ அமெரிக்காவுல வாங்கின மிக்ஸியை ஜெர்மனியில சொருகினா புகைதான் வரும். நம்ம கோயம்புத்தூர் கிரைண்டர் போனா சொந்த ஊருக்கு வந்த மாதிரி சுத்தும்.

வைத்திலிங்கம்: இதுக்கு ஏம்மா அலட்டிக்கிற? டிரான்ஸ்பார்மர் வச்சா ஆச்சு. நான் லடாக்குல...

முத்துலட்சுமி: டிரான்ஸ்பார்மர் வோல்ட்டைக் குறைக்கும், ஹெர்ட்ஸை மாத்துமா? ஹெர்ட்ஸை நம்பி ஓடுற மோட்டாரா இருந்தா, 60-ல ஓட வேண்டியது 50-ல ஓடுறப்ப ஆறுக்கு அஞ்சு பங்கு வேகந்தான் இருக்கும். அந்தக் கரண்ட்டையே நம்பி ஓடுற பழைய கடிகாரம் மணிக்குப் பத்து நிமிஷம் பின்தங்கும்.

வைத்திலிங்கம்: அப்ப நம்ம ஊரு மினி பஸ்ஸுக்கு யாரோ அமெரிக்கக் கடிகாரம் வாங்கிக் கொடுத்துட்டாங்க போல.

முத்துலட்சுமி: டிரான்ஸ்பார்மரும் சும்மா இல்லண்ணே. 750 வாட்ஸ் மிக்ஸிக்கு 750-ஏ வாங்கினா பத்தாது. கிளம்புறப்ப மோட்டார் கூட இழுக்கும், அதனால 1,500 வேணும். அது ஒரு மூட்டை நெல்லாட்டம் மூலையில உக்காந்துக்கும். சுவிட்சை அணைக்காம விட்டா சும்மா கிடந்தே கரண்ட்டைத் தின்னும்.

வைத்திலிங்கம்: (கிரைண்டர் பிளக்கைத் தூக்கிப் பார்த்து) இந்த மூணு முள்ளு அங்க நுழையுமா?

முத்துலட்சுமி: நுழையாது. அங்க உருண்டையா ரெண்டு முள்ளு, எர்த்து பக்கவாட்டுல தகடா இருக்கும். ஏர்போர்ட்டுல விக்கிற மலிவு அடாப்டர் சிலது எர்த்தைத் தொடாது. நமக்கோ ஈரக்கை, ஈர மாவு, எவர்சில்வர் டிரம். போனதும் இந்தப் பிளக்கை வெட்டிட்டு அந்த ஊர் பிளக்கு போடச் சொல்லியிருக்கேன். பச்சை வயரு எர்த்துக்குப் போகணும், அவ்வளவுதான்.

வைத்திலிங்கம்: குழவிக்கல்லை மட்டும் கைப்பையில வச்சுக்க. எடை தப்பிக்கும்.

முத்துலட்சுமி: கல்லைத் தூக்கிக்கிட்டு பிளைட்டுல ஏற விடுவானா? யார் மண்டையை உடைக்கப் போறேன்னு கேப்பான். பழைய புடவையில சுத்தி இந்தப் பெட்டிக்கு அடியில ஒண்ணு, அந்தப் பெட்டிக்கு அடியில ஒண்ணு. ஆனா ஞாயித்துக்கிழமை மாவரைக்கக் கூடாதாம்.

வைத்திலிங்கம்: விரதமா?

முத்துலட்சுமி: சத்தம். படைக் குவார்ட்டர்ஸ் கிடைக்கலை, ஜெர்மன்காரங்க தெருவுல வீடு. அங்க ஞாயித்துக்கிழமை பூராவும் அமைதி. மத்த நாள்ல ராத்திரி பத்து மணிக்கு மேல அமைதி. காலி பாட்டிலைக் கொண்டுபோய்ப் போடுற தொட்டியில கூட ஞாயித்துக்கிழமை போடக் கூடாது, சலங்னு கேக்குமாம். சனிக்கிழமை சாயந்திரத்துக்குள்ள அரைச்சு, ஓவன்ல லைட்டை மட்டும் போட்டு மாவை உள்ள வச்சுட்டா அந்தக் குளிர்லயும் பொங்கிடும்.

வைத்திலிங்கம்: நம்ம தெருவுல மாரியம்மன் கோயில் குழாய் ஒண்ணைக் கட்டினா அந்த ஊரே காலி பண்ணிடும்போல. சரி, அந்தத் தூக்குல என்ன?

முத்துலட்சுமி: நெய். எடுத்து உள்ள வைக்கணும்.

வைத்திலிங்கம்: பெட்டி உள்ளயா?

முத்துலட்சுமி: வீட்டு உள்ளண்ணே. ஐரோப்பாவுக்கு வெளியிலேர்ந்து போறவங்க பால், நெய், வெண்ணெய், கறி எதையும் கொண்டு போகக் கூடாது. ஒரு கரண்டி நெய்யா இருந்தாலும் பிடுங்கித் தொட்டியில போட்டுடுவான். மாட்டு நோய் எதாவது வந்துடுமேன்னு பயம்.

வைத்திலிங்கம்: அநியாயம்! அப்ப நாகப்பட்டினத்துக் கருவாடு கூடாதா? நாறுமே.

முத்துலட்சுமி: கருவாடு போகும். மீன் சாமான் ஆளுக்கு 20 கிலோ வரைக்கும்.

வைத்திலிங்கம்: என்னது! மணக்குற நெய்யைப் புடுங்குறான், நாறுற கருவாட்டுக்கு வழி விடுறானா?

முத்துலட்சுமி: மோப்பம் புடிச்சா சட்டம் போடுறாங்க? கருவேப்பிலையும் அப்படித்தான். பச்சை இலை, கொடி, விதை எதுவா இருந்தாலும் பயிர்நோய் இல்லைன்னு சர்ட்டிபிகேட் வேணும். அஞ்சு பழத்துக்குத்தான் விலக்கு: வாழைப்பழம், தேங்காய், அன்னாசி, பேரீச்சை, அப்புறம் முள்ளுப் பலாவாட்டம் டுரியான்னு ஒண்ணு.

வைத்திலிங்கம்: வாழைப்பழம் போவும்னா வாழை இலையும் போவுந்தானே?

முத்துலட்சுமி: இலை போவாது. பழத்துக்கு மட்டுந்தான் விலக்கு.

வைத்திலிங்கம்: தாம்பூலம் உண்டு, பந்தி கிடையாது. சரிதான். இந்தப் பொட்டலத்துல என்ன, ரவையா?

முத்துலட்சுமி: ஐயோ, அதைத் தொடாதீங்க! கசகசா. எங்க நாத்தனார் தெரியாம வாங்கிட்டு வந்துட்டாங்க. மாப்பிள்ளைக்குப் பாயசம் வைக்கணுமாம்.

வைத்திலிங்கம்: நல்ல ஐடியா. பட்டாளத்துக்காரனுக்குத் தூக்கம் நல்லா வரும்.

முத்துலட்சுமி: வேலை போகும்! அங்க படையில திடீர்னு கூப்பிட்டு மூத்திரம் புடிச்சு டெஸ்ட் பண்ணுவாங்க. கசகசா அபினிச் செடியோட விதை. சில ரகத்துல ஒட்டியிருக்கிறதே டெஸ்ட்டுல கோடீன்ங்கிற அபினிச் சரக்குன்னு காட்டிடும். 2023 பிப்ரவரியில அவங்க பாதுகாப்புத் துறையே கசகசா போட்ட பண்டத்தைத் தவிர்க்கச் சொல்லிப் படை பூராவுக்கும் எழுதிடுச்சு. ஜெர்மன் பேக்கரியில பாத்தா கேக்குக்குள்ள விரக்கடை கனத்துக்கு அதை அப்பி வச்சிருப்பானாம். மாப்பிள்ளை கண்ணை மூடிக்கிட்டு அந்தக் கடையைத் தாண்டுறாராம்.

வைத்திலிங்கம்: அவருக்கு வேணாம். நீ உனக்குன்னு கொண்டு போயேன்.

முத்துலட்சுமி: என் பிளைட்டு துபாய் மாறிப் போவுது. அங்க கசகசா பையில இருந்தாலே போதைப்பொருள் கேஸு. நான் ஜெர்மனிக்குப் போகணும்ணே, ஜெயிலுக்கு இல்ல.

வைத்திலிங்கம்: (பொட்டலத்தை மெதுவாகத் தன் பக்கம் நகர்த்தி) அப்ப இது இங்கயே இருக்கட்டும். வீட்டுல குருமாவுக்கு ஆவும். மத்த சாமானைப் பின்னாடி பார்சல்ல அனுப்பிடலாம்ல? எங்களுக்கெல்லாம் 56 ஏபிஓ-ன்னு பட்டாளத் தபாலாபீஸ் பேரை ஒத்தை வரி எழுதினா பனிமலைக்கே போயி நிக்கும்.

முத்துலட்சுமி: அவங்களுக்கும் ஏபிஓ உண்டு. அதுவும் அமெரிக்க அட்ரஸ் கணக்குத்தான். தபால்ல அனுப்பினாத்தான் சேரும், பிரைவேட் கூரியர் காரன் வாங்க மாட்டான். அதுலயும் ஜெர்மன் கஸ்டம்ஸ் உண்டு, நெய்யை ஒளிச்சு அனுப்பலாம்னு பாக்காதீங்க.

வைத்திலிங்கம்: உனக்கு விசா? பட்டாளத்து மாமியார்னு சொன்னா சல்யூட் அடிச்சு உள்ள விட்டிருப்பானே.

முத்துலட்சுமி: மாமியாருக்கு எந்த ராணுவத்துலயும் ரேங்க் கிடையாதுண்ணே. மத்தவங்களாட்டம், ஐரோப்பாவுல பல நாட்டுக்கும் ஒண்ணா கொடுக்குற ஷெங்கன் விசாதான். மெட்ராஸுக்குப் போயி ரேகை வச்சு, 30,000 யூரோவுக்கு மருத்துவ இன்சூரன்ஸ் எடுத்துக் கொடுத்தேன். எந்த 180 நாளை எடுத்தாலும் அதுல 90 நாள்தான் தங்கலாம்.

வைத்திலிங்கம்: பரவாயில்ல. 2028 மகாமகத்துக்கு அவங்க இங்க வந்துடட்டும். வெளிநாட்டுக் குடிமக்களாயிட்ட நம்மவங்களுக்குக் கொடுக்குற ஓசிஐ அட்டை உன் மவளுக்குத்தான் இருக்குன்னியே.

முத்துலட்சுமி: அவளுக்கு இருக்கு. மாப்பிள்ளைக்குக் கிடையாது. வெளிநாட்டுப் படையில இருக்கிறவங்களுக்கும் இருந்து ரிட்டயர் ஆனவங்களுக்கும் நம்ம கவர்மெண்ட் அந்த அட்டை தர்றதில்ல. கும்பகோணத்துல பொறந்தவரு, குளத்துல முங்க விசா வாங்கணும்.

வைத்திலிங்கம்: விசாவுல எத்தனை முங்குன்னு எழுதியிருக்கும்? போகட்டும்... நான் வந்தது வேற விஷயமா. (குரலைத் தாழ்த்தி) அவங்க படைக் கேண்டீன்ல நல்ல சரக்கு மலிவா கிடைக்குமாமே.

முத்துலட்சுமி: அதுக்கு அங்க ரேஷன் கார்டு. சாராயம், சிகரெட், காபிப்பொடி மூணுக்கும்.

வைத்திலிங்கம்: காபிப்பொடிக்கு ரேஷனா! கும்பகோணத்துக்காரனைக் கூட்டிட்டுப் போயி இப்படியா வதைக்கிறது?

முத்துலட்சுமி: ஜெர்மனியில வறுத்த காபிக்குக் கிலோவுக்கு 2.19 யூரோ வரி. படைக்கு அந்த வரி கிடையாது, வாங்கி வெளில வித்துடுவாங்கன்னு கணக்கு வைக்கிறாங்க. நானெல்லாம் அந்தக் கடையில வாங்கவே முடியாது. அதான் டிகிரி காபிக்கு இங்கேருந்தே ரெண்டு கிலோ பொடி எடுத்துட்டுப் போறேன்.

வைத்திலிங்கம்: அப்ப எனக்கு ஒண்ணும் இல்லியா?

முத்துலட்சுமி: திரும்பி வர்றப்ப ஏர்போர்ட்டு டியூட்டி ஃப்ரீல ஆளுக்கு ரெண்டு லிட்டர் கொண்டு வரலாம்.

வைத்திலிங்கம்: (முகம் மலர்ந்து) தங்கச்சின்னா நீதாம்மா தங்கச்சி! ரெண்டு லிட்டரா!

முத்துலட்சுமி: அதுல ஒண்ணரை உங்க மச்சான் நேத்தே புக் பண்ணிட்டாரு. மிச்சம் அரை லிட்டருக்கு உங்க தம்பி முந்திக்கிட்டாரு. நீங்க அந்தக் கசகசாவைக் கீழ வைங்க, அது நாத்தனாருக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டியது.