தலை வெளியே இருந்தால் இழுத்துவிடலாமா?

'பள்ளம் சரிந்து மண்ணில் புதைந்தவரின் தலை வெளியே தெரிந்தால் பயமில்லை, கயிறு கட்டி இயந்திரத்தால் இழுத்தால் போதும், இதற்குத் தனிப் பயிற்சி எதற்கு?' என்று ஒருவர் எழுதியிருக்கிறார். வேகம் முக்கியம் என்பது சரி. மற்றதெல்லாம் தவறு, ஆளைக் கொன்றுவிடக்கூடிய தவறு.

ஒரு கன மீட்டர் மண் ஏறத்தாழ ஒன்றரை டன் எடை. மார்பு வரை புதைந்தவர் மூச்சை வெளியே விடும்போதெல்லாம் மண் இன்னும் இறுகி, அடுத்த மூச்சுக்கு இடமே இல்லாமல் செய்துவிடும். அந்த நிலையில் இழுத்தால் மண் விடாது. தோள்மூட்டும் முதுகெலும்பும்தான் விட்டுப்போகும்.

அதைவிடப் பெரிய ஆபத்து இரண்டாவது சரிவு. ஒரு பக்கம் சரிந்த பள்ளத்தில் அடுத்த பக்கமும் எப்போது வேண்டுமானாலும் விழலாம். அதனால்தான் மீட்புப் பயிற்சியில் முதலில் சொல்லித்தருவது, உடனே பள்ளத்தில் இறங்கக் கூடாது என்பதை. மீட்புக் குழுவினர் முதலில் வேடிக்கை பார்ப்பவர்களை விலக்கி, அதிர்வு தரும் வண்டிகளை நிறுத்தி, விளிம்பில் பலகை போட்டு எடையைப் பரப்புவார்கள். அப்புறம் சுவர்களுக்குப் பலகையும் குறுக்கு முட்டும் கொடுத்தபின்தான் உள்ளே ஆள் இறங்குவார். தோண்டுவதும் சிறு மண்வெட்டி, வாளி, கையால்தான்.

ஒன்று விட்டுப்போனது: நீண்ட நேரம் நசுங்கிய காலை விடுவித்ததும், அதன் தசைகளிலிருந்து பொட்டாசியம் ரத்தத்தில் கலந்து இதயம் நின்றுபோகலாம். எனவே விடுவிக்கும் முன்பே மருத்துவக் குழு பக்கத்தில் இருக்க வேண்டும்.